மகளிர் குழுவிலிருந்து ஒருவரை நீக்கலாமா? சேலம், ஏற்காடு குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1989ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அடுத்த கட்டத்திலேயே சேலமும் சேர்ந்துவிட்டது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதனால் நம் பக்கத்தில் அம்மா ஒரு குழு, மகள் ஒரு குழு, மருமகள் இன்னொரு குழு என்று இருக்கிற வீடுகள் உண்டு. குழு பழசானால் சண்டையும் பழசாகத்தான் இருக்கும்.

குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குவதும் பழைய கணக்கைச் சரிபார்ப்பதும் என் வேலை. போகிற இடமெல்லாம், நோட்டை மூடிய பிறகு யாராவது ஒருவர் வாசல் வரை வந்து மெல்லக் கேட்பார்: "அவங்களை எடுத்துவிட வழி இருக்கா?" இருக்கிறது. நீக்குவதற்கு ஒரு தீர்மானம் போதும். அவருடைய கணக்கை முடிப்பதில்தான் குழுக்கள் சிக்கிக்கொள்கின்றன. அதனால் கீழே பணம் பற்றிய பதில்கள் மட்டும் நீளமாக இருக்கும்.

ஒரு உறுப்பினரை நீக்கும் அதிகாரம் யாருக்கு?

குழுவுக்குத்தான். குழுவை நடத்தும் பொறுப்பாளரான ஊக்குநருக்கோ, பிரதிநிதிக்கோ, வங்கி மேலாளருக்கோ, ஊரின் குழுக்கள் எல்லாம் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கோ கிடையாது. பெரும்பாலான குழுக்கள் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானவை அல்ல. குழு தொடங்கியபோது எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதிமுறைதான் அதற்குச் சட்டம். முதலில் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் முதல் தீர்மானப் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் ஒட்டியிருக்கும், அல்லது வங்கியில் கணக்குத் தொடங்கக் கொடுத்த கோப்பில் ஒரு நகல் கிடக்கும்.

விதிமுறையில் நீக்கம் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு விதி எழுதி நாளைக்கே அவரை நீக்காதீர்கள். விதியை ஒரு கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து நிறைவேற்றுங்கள். அது அதற்குப் பிறகு நடப்பவற்றுக்குத்தான் பொருந்தும்.

மூன்று கூட்டமாக வரவில்லை. நீக்கிவிடலாமா?

விதியில் இருந்தால் நீக்கலாம். ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா?

ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் நவம்பரில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்தால் தை மாதம் வரை எஸ்டேட் வேலை ஓயாது. பழுத்த பழம் காத்திருக்காது. கூலி அன்றன்றைக்குப் பறித்த எடைக்கு. அந்த நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, வரவில்லை என்று அபராதம் எழுதுவது என்ன நியாயம்? கீழே அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஷிப்ட். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் தீபாவளிக்கு முன்னால் இரவு வேலை. ஆஜர் குறைவாக இருக்கும் குழுக்களில் நான் முதலில் பார்ப்பது கூட்ட நேரத்தைத்தான். பத்துப் பேருக்குச் சௌகரியமாக இருந்து இரண்டு பேருக்கு மட்டும் கூலி போகிற நேரமாக இருந்தால், அந்த இருவரும் ஒழுங்கில்லாதவர்கள் என்று நோட்டில் பதிவாகிவிடும்.

நேரத்தை மாற்றிப் பாருங்கள். சீசனுக்கு மட்டும் வாரக் கூட்டத்தை மாதக் கூட்டமாக்குங்கள், அல்லது சேமிப்பைப் பக்கத்து வீட்டு உறுப்பினரிடம் கொடுத்தனுப்பலாம் என்று தீர்மானம் போடுங்கள். அப்புறமும் வராமல், சேமிப்பும் கட்டாமல், கேட்டால் பதிலும் இல்லையென்றால் நீக்குவதில் தவறில்லை.

கடன் தவணை கட்டாதவரை நீக்கலாமா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. நான் தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்வதும் இதற்குத்தான்.

வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருக்கிறது. கடன் வாங்கும்போது எல்லோரும் சேர்ந்து உள்உடன்படிக்கைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அதில் இருக்கும். பன்னிரண்டு பேரில் ஒருவரை நீக்கிவிட்டால் வங்கி அவர் பங்கைக் கழித்துக்கொள்ளாது. முழுத் தொகையையும் மீதிப் பதினொரு பேரிடம்தான் கேட்கும். அவருக்கோ இனிக் கூட்டத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. கடனை விட்டுவிட்டுக் கடன்காரரை மட்டும் வெளியே அனுப்பியதாகத்தான் ஆகும்.

முடியாமல் கட்டாதவரையும், முடிந்தும் கட்டாதவரையும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே பிரித்துப் பார்க்கிறது. முடிந்தும் வேண்டுமென்றே கட்டாத உறுப்பினருக்கு, பழைய பாக்கி தீரும்வரை புது வங்கிக் கடனில் பங்கு தரக் கூடாது. ஆனால் குழுவின் சேமிப்பிலும், குழு தன் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடனிலும் அவர் பங்கு பெறலாம். அப்படி ஒருவர் இருப்பதற்காக மொத்தக் குழுவுக்கும் கடனை மறுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. "அந்தம்மாவை எடுத்தால்தான் அடுத்த கடன்" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே நடுவில் ஒரு வழி இருக்கிறது. கடன் முடியும் வரை அவர் பெயர் இருக்கட்டும். புதுக் கடன் கிடையாது, பொறுப்பும் கிடையாது, தவணையைச் சிறிதாக்கிக் கட்டட்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். கடைசித் தவணை வந்த பிறகு நீக்குவதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம். பாதிப் பேர் அதற்குள் ஒழுங்காகிவிடுகிறார்கள்.

தாமதம் 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்திவிடும். உறுப்பினர் வாரியான கடன் விவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016ல் சொல்லியிருக்கிறது. 'சிபில்' என்று பேச்சில் சொல்வது இதைத்தான். எனவே முதல் தவணை தவறும்போதே பேசுங்கள், ஆறாவது வரை காத்திருக்காதீர்கள்.

சரி, நீக்கியே ஆக வேண்டும். எப்படிச் செய்வது?

காரணத்தை எழுதி, எந்தத் தேதிக் கூட்டத்தில் பேசப்போகிறோம் என்றும் குறிப்பிட்டு, அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால், கொடுத்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதினைந்து நாளாவது அவகாசம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டு "நீக்கியாச்சு" என்று சொல்வது நீக்கம் ஆகாது.

கூட்டத்தில் முதலில் அவர் பேசட்டும். குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னதை, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், தீர்மானப் புத்தகத்தில் அவர் சொன்னபடியே எழுதுங்கள். வாக்கெடுப்பைக் கைதூக்கி நடத்தாமல் துண்டுச் சீட்டில் நடத்துவது நல்லது. ஒரே தெருவில், பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருக்கிற குழுவில் நாத்தனார் முகத்தைப் பார்த்துத்தான் கை மேலே போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் டிக், பெருக்கல் குறி போதும்.

தீர்மானம் இந்த மாதிரி இருக்கலாம்:

"நமது குழு உறுப்பினர் எண் 7, திருமதி ………, குழு விதி எண் ……ன்படி இன்று முதல் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். காரணம்: ……… அவருக்கு ……… தேதியில் கடிதம் கொடுக்கப்பட்டது. அவர் அளித்த விளக்கம்: ……… ஆதரவு 9, எதிர்ப்பு 2. குழு அவருக்குத் தர வேண்டியது ரூ. ……… அவர் குழுவுக்குத் தர வேண்டியது ரூ. ……… வித்தியாசத் தொகை ……… தேதிக்குள் தீர்க்கப்படும்."

கடைசி மூன்று வரிகளை விட்டுவிடும் குழுக்கள்தான் இரண்டு வருடம் கழித்து என்னைக் கூப்பிடுகின்றன.

கணக்கை எப்படி முடிப்பது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பேர் உள்ள குழு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 ரூபாய் சேமிப்பு, ஆறு வருடம் ஆகிறது. அவருடைய சேமிப்பு 7,200 ரூபாய். குழு உள்கடன் கொடுத்து இத்தனை வருடத்தில் சேர்ந்த வட்டி, செலவு போக 31,200 ரூபாய் என்றால், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு 2,600. ஆக, குழு அவருக்குத் தர வேண்டியது 9,800 ரூபாய்.

அவர் வாங்கிய உள்கடனில் 4,500 ரூபாய் பாக்கி. மாதம் ஒரு சதவீத வட்டி, ஒரு மாத வட்டி 45. அவர் தர வேண்டியது 4,545. வங்கிக் கடனில் அவருக்குப் பங்கு இல்லையென்றால், 5,255 ரூபாயை அவர் கையில் கொடுத்து, ரசீது வாங்கி, அவருடைய பாஸ்புத்தகத்தில் 'கணக்கு முடிக்கப்பட்டது' என்று எழுத வேண்டும்.

வங்கிக் கடனில் அவர் பங்கில் இன்னும் 18,000 ரூபாய் இருந்தால் கதை வேறு. அப்போது அவர்தான் குழுவுக்கு 12,745 ரூபாய் தர வேண்டும். இந்தப் பணம் வராமல் நீக்கினால், உங்கள் பதினொரு பேரின் தலையில்தான் விழும். ஆளுக்கு ஆயிரத்து நூற்று ஐம்பதுக்கு மேல். தீர்மானத்துக்கு முன்னால் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், நீக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அமைதியாவார்கள்.

அரசுத் திட்டத்தில் குழுவுக்குக் கிடைக்கும் சுழல் நிதி இந்தக் கணக்கில் வராது. அது குழுவுக்கு வந்த பணம், போகிறவர் பங்கு பிரித்து வாங்க முடியாது. கூட்டமைப்பிலிருந்து வந்த சமுதாய முதலீட்டு நிதி இன்னும் தெளிவு: அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

வட்டி வருமானத்தில் பங்கு தருவதா, வெறும் சேமிப்பை மட்டும் தருவதா என்பது உங்கள் விதியைப் பொறுத்தது. விதி மௌனமாக இருந்தால், பங்கு கொடுப்பதே முறை என்பேன். அந்த வட்டியைக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

தவறு செய்தவர்தானே, சேமிப்பைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சேமிப்பு அவருடைய பணம். விதியில் எழுதியிருக்கும் அபராதம், கடன் பாக்கி இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். கோபத்துக்குப் பிடித்தம் செய்ய முடியாது.

நீக்க வேண்டியதே ஊக்குநரைத்தான். வங்கிக் கையெழுத்து அவருடையது. என்ன செய்வது?

ஊக்குநர் பொறுப்பிலிருந்து மாற்றுவது வேறு, உறுப்பினராகவே நீக்குவது வேறு. பெரும்பாலான இடங்களில் முதலாவதே போதும். பத்து வருடம் ஒரே ஆள் பொறுப்பில் இருந்தால், அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், மற்றவர்களுக்குக் கணக்கு மறந்துபோகும். பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றும் விதி ஏட்டில் இருக்கிறது, நடைமுறையில் குறைவு.

மாற்றுவதென்றால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் வங்கிக்குப் போய்க் கடைசி மூன்று வருடக் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். ஊக்குநர் வைத்திருக்கும் பாஸ்புத்தகம் போதாது, வங்கி அச்சடித்துத் தரும் அறிக்கை வேண்டும். அதைக் குழுவின் ரொக்கப் புத்தகத்தோடும், ஒவ்வொரு உறுப்பினரின் பாஸ்புத்தகத்தோடும் வைத்துப் பாருங்கள். உறுப்பினர் தவணை கட்டிய தேதிக்கும் அது வங்கியில் வரவான தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் சகஜம், மலையிலிருந்து இறங்கி வர வேண்டியவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். ஒவ்வொரு மாதமும் முப்பது, நாற்பது நாள் என்றால் குழுப் பணம் எங்கேயோ சுற்றிவிட்டு வருகிறது என்று அர்த்தம்.

அப்புறம் கூட்டம், தீர்மானம், புதுப் பொறுப்பாளர் தேர்வு. தீர்மான நகலோடு புதியவரின் ஆதார், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றை வங்கியில் அன்றைக்கோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள். பழைய காசோலைப் புத்தகம், குழு முத்திரை, நோட்டுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிப் பெறுங்கள். அதற்குள் பணம் எடுக்கப்பட்டுவிடும் என்ற பயம் இருந்தால், எங்கள் மறு கடிதம் வரும்வரை பணம் எடுக்க அனுமதிக்க வேண்டாம் என்று எல்லா உறுப்பினரும் கையெழுத்திட்ட கடிதத்தை வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

பணம் கையாடப்பட்டிருப்பது ஆவணத்திலேயே தெரிந்தால், வெறும் நீக்கத்தோடு நிறுத்தாதீர்கள். மகளிர் திட்ட அலுவலகத்துக்கும், தேவையென்றால் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள். "பேசி முடிச்சுக்கலாம்" என்று வருகிறவர்களிடம் எத்தனை தேதிக்குள் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகு பேசுங்கள்.

கல்யாணமாகித் திருப்பூருக்குப் போகிறார். இதுவும் நீக்கமா?

இல்லை, விலகல். அவர் ஒரு கடிதம் கொடுக்கட்டும், குழு ஏற்றுக்கொண்டு தீர்மானம் போடட்டும். கணக்கு முடிப்பது மேலே சொன்ன மாதிரியேதான். போகிற இடத்தில் வேறு குழுவில் சேர உதவும், ஒரு கடன் பாக்கியின்மைக் கடிதம் கொடுத்தனுப்புங்கள்.

உறுப்பினர் இறந்துவிட்டார்.

தீர்மானத்தில் 'நீக்கம்' என்று எழுதாதீர்கள், 'காலமானார்' என்று எழுதுங்கள். சேமிப்பும் பங்கும் அவர் நியமித்த வாரிசுதாரருக்குப் போக வேண்டும். அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று குடும்பத்தாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, இரண்டு லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்தம் என்றால் விபத்துக் காப்பீடு. குழு மூலமாகப் படிவம் கொடுத்துவிட்டு மறந்துபோன குடும்பங்கள் நிறைய. இந்தக் காப்பீடு குழுவோடு கட்டப்பட்டதல்ல என்பதால், உயிரோடு இருப்பவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டாலும் கணக்கில் பணம் இருக்கும்வரை தொடரும்.

நீக்கினால் எண்ணிக்கை குறைந்துவிடுமே?

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கணக்கில் ஒரு குழுவுக்குப் பத்து முதல் இருபது பேர். மலைப்பகுதி, மாற்றுத்திறனாளிகள் குழு போன்றவற்றுக்கு ஐந்து பேர் இருந்தாலே போதும். ஏற்காட்டில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற ஊர்களில் இந்தத் தளர்வு உதவும். சேலம் டவுனில் பத்துக்குக் கீழே இறங்கினால் சீக்கிரம் ஆள் சேர்க்க வேண்டும்.

புதிதாகச் சேர்பவர் பழைய சேமிப்பை எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டுமா?

பல குழுக்கள் அப்படிக் கேட்கின்றன. ஆறு வருடச் சேமிப்பை மொத்தமாகக் கொடுக்கக்கூடிய பெண்ணுக்குக் குழுவே தேவைப்படாது. அவருக்குத் தனிப் பக்கம் தொடங்கி, அவர் சேர்ந்த நாளிலிருந்து மட்டும் வட்டிப் பங்கு என்று எழுதிவிட்டால் முடிந்தது. நடப்பு வங்கிக் கடனுக்கு அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். அவர் வாங்காத கடன் அது.

வேறு சாதி, வேறு கட்சி, குடும்பச் சண்டை. இதெல்லாம் காரணம் ஆகுமா?

ஆகாது. நோட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருக்கும். விசாரித்தால் உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதில் போய் முடியும். 'ஒத்துழைப்பு இல்லை' என்பதை நீக்கத்துக்கான காரணமாக ஏற்பதில்லை என்று கூட்டமைப்புகளே முடிவெடுத்தால் பாதி வழக்கு குறையும். தேதி, தொகை, விதி எண் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் அது காரணம்.

குழுவை விட்டு எடுத்தால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?

நிற்காது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் வயது, குடும்ப வருமானம், நிலம், மின் பயன்பாடு இவற்றைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. குழு உறுப்பினரா என்ற கேள்வியே அதில் இல்லை. இதைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தனியார் நிறுவனத்தில் ஐந்து பேர் சேர்ந்து கடன் வாங்கினோமே, அதற்கும் இதே விதியா?

இல்லை. அது கூட்டுப் பொறுப்புக் குழு. உங்களுக்கு அங்கே சேமிப்பும் இல்லை, பங்கும் இல்லை, கடன் ஒப்பந்தம் மட்டும்தான். ஏலச் சீட்டும் வேறு: பதிவு பெற்ற சீட்டில், இன்னும் சீட்டு எடுக்காத ஒருவர் பணம் கட்டத் தவறினால் பெயரை நீக்கலாம், நீக்கியதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1982ஆம் வருடச் சிட் பண்ட் சட்டம் சொல்கிறது. பதிவில்லாத தெருச் சீட்டுக்கு எந்த விதியும் துணைக்கு வராது.

என்னைக் காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள். நான் எங்கே போவது?

முதலில் உங்கள் பாஸ்புத்தகத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். "கணக்குப் பார்க்கணும்" என்று கேட்டால் நகல் கொடுங்கள். தீர்மானத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் அதையே புகாரின் முதல் வரியாக எழுதலாம்.

அடுத்தது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, நகரத்தில் பகுதி அளவிலான கூட்டமைப்பு. அங்கே கேட்கவில்லையென்றால் வட்டார இயக்க மேலாண்மை அலகு. அதற்கும் மேலே மாவட்ட மகளிர் திட்ட இயக்குநர். சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தாலும் அங்கேதான் வரும், ஆனால் மனு எண் கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பாஸ்புத்தகம், ஆதார், குழுவுக்குக் கொடுத்த கடிதம் மூன்றையும் இரண்டு நகலாக எடுத்து வந்தால் இன்னொரு தடவை அலைய வேண்டாம்.

பணம் பெரிதாக இருந்து வழக்குவரை போவதானால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1987ஆம் வருடச் சட்டம் தரும் உரிமை அது.

நீக்கப்பட்டவர் திரும்பச் சேரலாமா?

பாக்கி தீர்ந்திருந்தால், குழு ஒத்துக்கொண்டால், சேரலாம். புது உறுப்பினர் எண், புதுப் பக்கம். பழைய பக்கத்தைக் கிழிக்காதீர்கள், அதன்மேல் எழுதவும் வேண்டாம். அந்த நோட்டு முடிந்து அடுத்த நோட்டுக்குப் போனாலும் பழையதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். வங்கிக்காரர் கேட்பது எப்போதும் அந்தப் பழைய நோட்டைத்தான்.